டாங்கோ பாடல்களில் யார் யாரைப் பார்க்கிறார்கள்?

என் தோழி ஒருத்தி அர்ஜென்டினாவின் டாங்கோ ஆடுவாள். நான் ஆடுவதில்லை, கேட்பதோடு சரி. ஒருநாள் காரில் போகும்போது எட்முண்டோ ரிவெரோ பாடிய 'சூர்' ஓடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் வரிக்கு வரி அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், பாட்டு முடிந்ததும் சொன்னாள்: "எல்லாப் பாட்டுலயும் அவ போயிட்டா, போயிட்டான்னு அழறாங்க. சரி. இவங்கள்ல ஒருத்தனாவது அந்தப் பொண்ணை நிமிர்ந்து பார்த்திருக்கானா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. டாங்கோ வரிகள் என்றாலே பழைய நினைவும் இழந்த காதலும்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த ஏக்கம் எதன் மேல் என்று குடைந்து கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. போனவள் எப்படிச் சிரிப்பாள், என்ன பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள், ஏன் போனாள்? முக்கால்வாசிப் பாடல்களில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. அறை இருக்கிறது, தெருமுனை இருக்கிறது, மழை இருக்கிறது, மதுக்கடை மேசை இருக்கிறது. அவள்தான் இல்லை. பிரிந்து போனவள் பக்கத்தில் இல்லாதது இயல்பு. நினைப்பில்கூட அவள் முகம் ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது? இந்த நோக்கில் எனக்குப் பிடித்த பாடல்களை மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.

கட்டிலுக்கு வந்த கோபம்

டாங்கோ அழ ஆரம்பித்தது 1917-ல் என்று சொல்லலாம். அந்த ஆண்டுதான் டாங்கோவின் புகழ்பெற்ற பாடகர் கார்லோஸ் கார்தெல் 'மி நோச்சே த்ரிஸ்தே' (என் சோக இரவு) பாடலை மேடையேற்றினார். சாமுவேல் காஸ்த்ரியோட்டா ஏற்கெனவே பியானோவுக்கு எழுதியிருந்த மெட்டு அது. அதன் மேல் வரிகளை உட்காரவைத்தவர் பாஸ்குவால் கொன்துர்சி. அதற்கு முன்னாலும் டாங்கோவுக்கு வார்த்தைகள் இருந்தன. ஆங்கெல் வியோல்தோ எழுதியவற்றைக் கேட்டால் தெரியும்: நான்தான் இந்தப் பேட்டைக்கே பெரிய ஆள், என்னைப் போல் ஆட யாரால் முடியும் என்கிற சவடால். கொன்துர்சியின் ஆள் சவடால் பேசுவதில்லை. அவனை ஒருத்தி விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் அறையில் தனியாக இருக்கிறான்.

அந்த அறையைக் கொன்துர்சி காட்டுகிற விதம் அபாரம். அவள் வருவாளோ என்று படுக்கும்போது கதவைச் சாத்தாமல் வைக்கிறான். அவள் இருந்த காலத்தில் செய்தது போலவே, மாத்தே என்ற மூலிகைப் பானத்தோடு தின்பதற்கு இப்போதும் பிஸ்கெட் வாங்கி வருகிறான். அவள் அடுக்கிவைத்த சின்னச் சின்னப் புட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே நிற ரிப்பன், இப்போது அங்கே இல்லை. கண்ணாடி மங்கிப்போய் அழுதது போல் இருக்கிறது. கிடார் அலமாரியில் தொங்குகிறது. விளக்கு எரிய மறுக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கட்டில். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லையே என்று கட்டிலுக்குக் கோபம் வந்துவிடுகிறதாம்.

இந்தப் பாடலை எத்தனையோ முறை கேட்டிருந்தாலும், தோழியின் கேள்விக்குப் பிறகு கேட்டபோது அந்தக் கட்டிலில் போய் மனம் நின்றுவிட்டது. அவன் அவளைப் பார்ப்பதாகப் பாட்டில் இல்லை. அறையில் உள்ள பொருள்கள் அவனைப் பார்க்கின்றன, அதுவும் குறை சொல்கிற மாதிரி. தனிமையில் இருப்பவனுக்குச் சுவரும் கண்ணாடியும் கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும் இல்லையா, அதைத்தான் கொன்துர்சி பிடித்திருக்கிறார்.

இந்த ஆள் ஒரு தனி மனிதன் மட்டுமல்ல. 1914 கணக்கெடுப்பின்போது அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்து இறங்கியவர்களே அதில் அதிகம். ஆண்களில் பலர் தனியாக வந்தார்கள். ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒரு அறைக்குள் ஒரு வாழ்க்கை. அவர்களை ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் யாரும் அந்த நகரத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி உன்னோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டு, புட்டிக்கு ரிப்பன் கட்டி, நீ வாங்கி வரும் பிஸ்கெட்டுக்காகக் காத்திருந்தாள் என்றால், நீ அங்கே வாழ்கிறாய் என்பதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி. இதை நான் கட்டிலின் கோபத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

அவள் பக்கம் நியாயம்

ஆனாலும் தோழியின் கேள்வியில் உள்ள நியாயத்தை மழுப்ப முடியாது. செலெதோனியோ ஃப்ளோரெஸ் எழுதிய 'மானோ அ மானோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1923-ல் வந்தது, கார்தெல் பாடியது. பணக்காரன் ஒருவனோடு போய்விட்டவளிடம் பழைய காதலன் பேசுகிறான். நமக்குள் கணக்குத் தீர்ந்தது, பாக்கி ஒன்றுமில்லை என்கிறான். கடைசியில், நீ பழைய மரச்சாமான் மாதிரி மூலையில் தள்ளப்படும் நாளில் உதவி வேண்டுமென்றால் இந்த நண்பனை நினைத்துக்கொள், உயிரைக் கொடுத்தாவது உதவுவேன் என்று முடிக்கிறான். கேட்கக் கேட்க நெஞ்சைத் தொடுகிற பாட்டுத்தான். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்குள் ஒரு சாபம் இருக்கிறது. அவள் கெட்டுப்போகும் நாளை அவன் எதிர்பார்த்துக் காத்திருக்கிறான்.

திசெபோலோ எழுதிய 'கொன்ஃபெசியோன்' (வாக்குமூலம்) இன்னும் மோசம். தன்னோடு இருந்தால் அவளும் சீரழிந்துபோவாள் என்று நினைப்பவன், அவள் தன்னை வெறுத்து ஓடிவிட வேண்டும் என்பதற்காகவே அவளை அடிக்கிறான். பிற்பாடு அவள் அழகாக, நன்றாக வாழ்வதைப் பார்த்து, இதற்காகத்தான் செய்தேன் என்று உருகுகிறான். திசெபோலோ எவ்வளவு பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டை என்னால் முழுக்கக் கேட்க முடிவதில்லை. அடி வாங்கியவளுக்கு அதில் ஒரு வாய் வார்த்தை கிடையாது.

பெண்கள் பாடவில்லையா என்றால், பாடினார்கள். அசுசேனா மைசானி ஆண் உடை உடுத்தி மேடையேறி ஆண் பாடும் வரிகளையே பாடினார். ரோசிட்டா கிரோகா, மெர்சேதெஸ் சிமோனே, லிபெர்தாத் லமார்க்கே என்று 1920களிலும் 30களிலும் கொடிகட்டிப் பறந்தவர்கள் பலர். வரிகள் எழுதிய பெண்கள்தான் குறைவு. அவர்களில் நான் எப்போதும் நினைத்துக்கொள்வது மரியா லூயிசா கார்னெல்லியை. பத்திரிகையாளர், ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதியவர். அவர் டாங்கோ எழுதியது லூயிஸ் மாரியோ, மாரியோ காஸ்த்ரோ என்ற ஆண் பெயர்களில். 'சே வா லா வீதா' என்ற அவருடைய பாட்டு ஒரு இளம் பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரை: வாழ்க்கை போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பி வராது, வசதியானவன் ஒருவன் உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்றால் யோசிக்காமல் போ, துன்பத்தையும் ஒழுக்கத்தையும் நினைத்து மருகாதே, உன் இளமையை வாழ். 'மானோ அ மானோ'வில் சபிக்கப்பட்டவளுக்கு இன்னொரு பெண் ஓர் ஆண் பெயருக்குப் பின்னால் நின்று காதில் சொன்ன பதிலாகவே இது எனக்குக் கேட்கிறது. இந்தப் பாட்டில் பழைய நினைவு என்பதே இல்லை. போனதை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்க அந்தப் பெண்ணுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

திரும்பி வருபவனின் பயம்

'வொல்வெர்' (திரும்பி வருதல்) பற்றிச் சொல்லாமல் டாங்கோவைப் பேச முடியாது. இசை கார்தெல், வரிகள் ஆல்ஃபிரெதோ லெ பெரா. நெற்றி வாடி, காலத்தின் பனி கன்னப்பொறியை வெள்ளியாக்கிவிட்ட நிலையில் ஊர் திரும்பும் ஒருவன். இருபது வருடம் என்பது ஒன்றுமே இல்லை என்ற அந்தப் புகழ்பெற்ற வரி. புவெனஸ் ஐரிஸின் தேசிய ஏக்கம் என்று சொல்லத்தக்க இந்தப் பாடல் நியூயார்க்கில், ஒரு படத்துக்காக உருவானது. எழுதிய லெ பெரா பிறந்தது பிரேசிலின் சாவ் பாவ்லோவில். படம் 1935-ல் வந்தது. அதே ஆண்டு ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெயீன் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் கார்தெலும் லெ பெராவும் சேர்ந்தே இறந்தார்கள். ஊர் திரும்புவதைப் பாடியவர்கள் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் பாட்டில் அவன் அவளைத் தேடிப் போகவில்லை. பழைய தெரு வருகிறது. அவளுடைய வாழ்வும் காதலும் உனக்கே என்று அங்கே ஒருகாலத்தில் எதிரொலி சொன்னது வருகிறது. அப்புறம் அவன் பயத்தைச் சொல்கிறான். பழைய வாழ்க்கை எதிரே வந்து நின்று தன்னை முகத்துக்கு நேர் சந்திக்கப்போகிறதே என்ற பயம். மேலே நட்சத்திரங்கள் ஏளனமாக, ஆனால் எந்த அக்கறையும் இல்லாமல் அவன் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1917-ன் கட்டில் கோபப்பட்டது. கோபத்தில் ஓர் உரிமை இருந்தது. 1935-ன் நட்சத்திரங்களுக்கு அதுவும் கிடையாது. ஊரைவிட்டுப் போய் ரொம்பக் காலம் கழித்துத் திரும்புகிறவனை யாருக்கும் தெரியாது. அவன் யாராக இருந்தான் என்று சொல்ல ஒருத்தியால்தான் முடியும். அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா என்பதுகூடப் பாட்டில் இல்லை.

கடைக் கண்ணாடியில் சாய்ந்து நின்றவன்

இப்படிக் கேட்டுக்கொண்டே மறுபடி 'சூர்' வரைக்கும் வந்து சேர்ந்தேன். 1948. இசை அனிபால் ட்ராய்லோ, வரிகள் ஓமேரோ மான்சி. தலைப்புக்குத் தெற்கு என்று அர்த்தம். நகரத்தின் தெற்குப் பகுதி. மான்சி பிறந்தது அங்கே அல்ல, வடக்கே சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தின் அன்யாத்துயாவில். சிறு வயதில் புவெனஸ் ஐரிஸ் வந்து, தெற்கு ஓரத்துப் பேட்டையான போம்பேயாவில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தார். அந்தக் காலத்தில் நகரம் அங்கேதான் முடியும். அதற்கப்பால் தாழ்ந்த நிலம், ரியாச்சுவேலோ ஆற்றின் வெள்ளம், ரயில் பாதைக்கான மண் கரை.

பாட்டின் முதல் பகுதி ஒரு வரைபடம் மாதிரிப் போகிறது. சான் ஹுவான் சாலையும் போயெதோ சாலையும் சந்திக்கும் முனை, மேலே வானம் முழுக்க. போம்பேயா, அதற்கும் அப்பால் வெள்ளம். கொல்லன் பட்டறை முனை, சேறு, வெட்டவெளி. உன் வீடு, உன் வீட்டு நடைபாதை, பக்கத்தில் வாய்க்கால். களைச்செடிகளும் தீவனப் புல்லும் சேர்ந்த வாசனை நெஞ்சை மறுபடி நிறைக்கிறது. அவளைப் பற்றி என்ன சொல்கிறான் என்று பார்த்தால், மணப்பெண் போன்ற கூந்தல், விடைபெறும்போது மிதந்த அவள் பெயர், இவ்வளவுதான். அந்தப் பெயரையும் பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. தோழிக்குக் கோபம் வந்தது இங்கேதான். தெருவில் இருந்த வாய்க்காலைச் சொல்கிறான், அவள் பெயரைச் சொல்ல மாட்டானா?

பல்லவியில் ரிவெரோவின் கனத்த குரல் இன்னும் கீழே இறங்குகிறது. டாங்கோ பாடகர் என்றால் மேல் சுருதியில் ஓங்கிப் பாட வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில் இவ்வளவு அடித்தொண்டைக் குரல் ஒரு புதுமை. ஒரு நெடுஞ்சுவர், அதற்குப் பிறகு என்னவென்று சொல்லாத ஒரு மௌனம். ஒரு மளிகைக் கடையின் விளக்கு. அதற்கு அடுத்து வருவதுதான் என்னைப் பிடித்து நிறுத்திய இடம். கடைக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு உனக்காகக் காத்திருந்தேனே, அப்போது நீ என்னைப் பார்த்தது போல் இனி ஒருபோதும் பார்க்க மாட்டாய் என்கிறான்.

உன்னை இனிப் பார்க்க மாட்டேன் என்பதுதான் எல்லாக் காதல் பாட்டும் சொல்வது. மான்சி அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். இப்போது அந்தக் காட்சியை யார் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கிறோம்? அவள் நிற்கும் இடத்திலிருந்து. அவள் வீட்டிலிருந்து வெளியே வருகிறாள், தெருவின் அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பையன் கடைக் கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறான். அவள் கண்ணில்தான் அவன் அப்படி இருந்தான். அவனால் தன்னைத்தானே அப்படிப் பார்த்திருக்க முடியாது. இருபது வயதில் நாம் எப்படி நின்றோம், எப்படிக் காத்திருந்தோம் என்பது நமக்குத் தெரியாது. நாம் யாருக்காகக் காத்திருந்தோமோ அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் போனால் அந்தக் காட்சியும் கூடவே போகிறது. அதை மீட்டுத் தர வேறு ஆளே கிடையாது.

இதை உணர்ந்தபின் அவள் முகம் ஏன் பாட்டில் இல்லை என்பது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அவன் அவள் கண்ணுக்குள் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கிருந்து அவள் முகம் தெரியாது. தெரு தெரியும், வாய்க்கால் தெரியும், கொல்லன் பட்டறை தெரியும், கடை விளக்கு தெரியும், தானும் தெரிவான். அவள் தினமும் பார்த்த தெருவை அவள் பார்த்த மாதிரியே அடுக்குகிறான். மான்சி போயெதோவையும் போம்பேயாவையும் பெயர் சொல்லிச் சொல்லி எழுதியதை வெறும் ஊர்ப்பற்று என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அது காதலோடு இவ்வளவு இறுக்கமாகப் பின்னியிருப்பது இப்போதுதான் பிடிபட்டது. பேட்டை மாறிப்போன துக்கமும் கனவு செத்துப்போன கசப்பும் பாட்டில் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டும் ஒன்றேதான். தெருக்கள், நிலவுகள், என் காதல், உன் ஜன்னல், எல்லாம் செத்துவிட்டன, எனக்குத் தெரியும் என்று அவனே சொல்கிறான். 'வொல்வெர்' ஆள் ஒரு சின்ன நம்பிக்கையை நெஞ்சில் ஒளித்துவைத்திருந்தான். இவன் அதையும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தப் பாட்டில் புலம்பல் இல்லை.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். "அப்பவும் அவன் அவனைப் பத்தித்தானே கவலைப்படறான்?" என்றாள். ஆமாம், அவன் தன்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறான். ஆனால் தன்னைத் தனக்குத் தந்தவள் அவள் என்று தெரிந்து கவலைப்படுகிறான். 'கொன்ஃபெசியோன்' ஆளுக்கும் இவனுக்கும் இடையே நான் காணும் தூரம் இதுதான், அது பெரிய தூரம்.

மான்சிக்கு இதை எழுதும்போது நாற்பது வயதுதான். 1951 மே 3 அன்று புற்றுநோயில் இறந்தார். அவருடைய வரிகளுக்கு அத்தனை மெட்டுகள் போட்ட ட்ராய்லோ, நண்பனுக்காக 'ரெஸ்பொன்சோ' என்ற டாங்கோவை எழுதினார். அதற்கு வரிகள் கிடையாது.

இன்னொரு மேசை

தோழியின் கேள்விக்கு நேரடியாக ஆம் என்று சொல்லக்கூடிய பாட்டு ஒன்றும் இருக்கிறது. 'லோஸ் மரேயாதோஸ்'. ஹுவான் கார்லோஸ் கொபியான் 1922-ல் போட்ட மெட்டு; வேறு வரிகளோடு வந்து, மறக்கப்பட்டுக் கிடந்தது. ட்ராய்லோவின் வாத்தியக் குழுவுக்காக என்ரிக்கே காதிகாமோ 1942-ல் அதற்குப் புதிதாக எழுதினார். ஃபிரான்சிஸ்கோ ஃபியொரென்தீனோ பாடினார். அடுத்த ஆண்டு வந்த ராணுவ அரசு கொச்சைப் பேச்சையும் குடியையும் வானொலிப் பாடல்களிலிருந்து விரட்டியபோது இதன் தலைப்பும் வரிகளும் மாற்றப்பட்டன. போதையில் தள்ளாடுபவர்கள் என்ற தலைப்பு, என் கடந்த காலத்தில் என்று ஆனது.

கேட்கும்போது தயவுசெய்து காதிகாமோ 1942-ல் எழுதிய வரிகளில் கேளுங்கள். இங்கே அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிரிவு இன்னும் நடந்து முடியவில்லை, இன்று இரவு நடக்கப்போகிறது. அவன் அவளைப் பார்க்கிறான், நிமிர்ந்து பார்க்கிறான். அவள் குடிக்கிறாள், அழக் கூடாது என்பதற்காகப் பைத்தியம் பிடித்தவள்போலச் சிரிக்கிறாள், கண்களில் மின்சாரம் போல் ஒரு தகிப்பு. அவள் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. அவளைத் தோழி என்றுதான் கூப்பிடுகிறான். யார் சிரித்தால் என்ன, எல்லோருக்கும் கஷ்டம் உண்டு, நமக்கும் உண்டு. இன்றைக்குக் குடிப்போம், இனிச் சந்திக்கப்போவதில்லை என்கிறான். யார் யாரை விட்டுப்போகிறார்கள் என்ற வழக்கே இதில் இல்லை, இருவருமே போகிறார்கள். நீ இன்று என் கடந்த காலத்துக்குள் நுழையப்போகிறாய் என்று அவள் எதிரிலேயே சொல்கிறான். ஏக்கம் பிறக்கும் அந்த நிமிடத்தையே இப்படிக் கையும்களவுமாகப் பிடித்த வேறொரு டாங்கோவை நான் கேட்டதில்லை.

கடைசியில், நம் காதல் எவ்வளவு பெரியதாக இருந்தது, இருந்தும் மிஞ்சியதைப் பார் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். அதைக் காட்டுவதற்கு உலகத்தில் அவனுக்கு இருப்பவள் அவள் ஒருத்திதான். கட்டிலிடமும் நட்சத்திரத்திடமும் போகாமல் அவளிடமே அதைச் சொல்லிவிடுகிற தைரியத்துக்காக, டாங்கோ பாடல்களில் முதலிடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன். 'சூர்' கேட்கிற இரவுகளில்கூட.